பக்கத்து மெஷின்காரி

விழுப்புரத்திலிருந்து காலையில் கிளம்பும் பாசஞ்சர் ரயிலில், பெண்கள் பெட்டியில், அருள்ராணியும் அம்சவள்ளியும் எதிரெதிரே உட்காருவார்கள். ரயில் நகர்ந்ததும் முதல் காரியமாக டிபன் பாக்ஸை மாற்றிக்கொள்வார்கள். அம்சவள்ளியின் கேப்பை அடையும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைத் துவையலும் அருள்ராணியின் பைக்குள் போகும். அருள்ராணியின் புளிச்சோறும் கருவாட்டு வறுவலும் அம்சவள்ளியின் பைக்கு வரும். மத்தியானம் திண்டிவனத்தில் ஆளுக்கு மற்றவள் சமையலைத் தின்றுவிட்டு, உப்பு போதவில்லை, காரம் தூக்கல் என்று ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொள்வார்கள். திட்டாத நாளில் இரண்டு பேருக்கும் சாப்பிட்ட மாதிரியே இருக்காது.

ரயிலில் பிடித்த சினேகம் அது. அம்சவள்ளி கோலியனூர் காலனியைச் சேர்ந்தவள். அருள்ராணி விழுப்புரத்தில் ஒண்டிக்கட்டையாக வாடகை வீட்டில் இருந்தாள். பிறந்தது கிராமத்துக் கத்தோலிக்கக் குடும்பம், அதுவும் காலனி அல்ல, ஊர்த்தெரு. வேதத்தில் சேர்ந்து எத்தனை தலைமுறை ஆனாலும் எந்தத் தெருவிலிருந்து போய்ச் சேர்ந்தோம் என்பதை மட்டும் மறக்காத சனம் அது. அருள்ராணி அதையெல்லாம் எப்போதோ மறந்துவிட்டிருந்தாள். அம்சவள்ளி மறக்கவில்லை, மறந்த மாதிரி இருந்தாள். மறப்பதற்கு வசதி வேண்டும், அது அவளுக்கு இல்லை.

இரண்டு பேருக்கும் வேலை திண்டிவனத்தில், கிருஷ்ணசாமியின் தையல் யூனிட்டில். ஓடாமல் போன கல்யாண மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மணமேடையில் கட்டிங் டேபிளும், சாப்பாட்டுப் பந்தி போடும் இடத்தில் பவர் மெஷின்களும் போட்டு, பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறார் மனுஷன். கத்துவார், கத்தி முடித்ததும் டீ சொல்லுவார். மே மாதம் வந்துவிட்டால் கத்தல் மட்டும்தான், டீ கிடையாது. ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சட்டையெல்லாம் போய்ச் சேர வேண்டுமே.

அருள்ராணிக்குக் காலர் வேலை. சட்டையில் கையைக் கோணலாக வைத்தால்கூடக் கண்ணுக்குத் தெரியாது, காலர் முனை இரண்டும் ஒரு நூல் பிசகினால் போட்டவன் முகமே கோணலாகத் தெரியும். அவள் வைத்த காலரைப் பிரித்துத் தைத்ததாகச் சரித்திரம் இல்லை. அவளுக்குப் பக்கத்து மெஷின் அம்சவள்ளி, அவள் சட்டைக்குக் கை வைத்துத் தைப்பாள்.

இனி விஷயத்துக்கு வருவோம். அருள்ராணிக்கு எச்.ஐ.வி. இருந்தது. எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றும், எல்லோருக்கும் அதுதான் முதலில் தோன்றுகிறது. சர்க்கரை வியாதிக்காரனிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை, ஆகவே இங்கேயும் அது சொல்லப்படாது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி நாளுக்கு ஒன்று தவறாமல் போடுகிறாள். ரத்தத்தில் கிருமி டெஸ்ட்டில் தென்படாத அளவுக்குக் குறைந்துபோயிருக்கிறது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். உடம்பைப் பொறுத்தவரை அவளுக்குப் பெரிய சங்கடம் எதுவுமில்லை. சங்கடமெல்லாம் பிழைப்பில்தான் வந்தது.

முன்பு விழுப்புரத்திலேயே ஒரு ஜவுளிக்கடையில் அவள் ஆல்ட்ரேஷன் டைலர். ஒருநாள் காய்ச்சலில் மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்தவர்கள், வீட்டு போன் நம்பர் தேடுகிறோம் என்று அவள் பையைத் துழாவி மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டார்கள். அவள் தேறி வந்தபோது, வியாபாரம் ரொம்ப டல், ஆளைக் குறைக்கிறோம் என்றார் முதலாளி. தீபாவளிக்கு முந்தின வாரம் அது, கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். வெளியே வந்தபோது, அவள் உட்கார்ந்து தைத்த ஸ்டூலை வாசலில் வெயில் படும்படி எடுத்து வைத்திருந்தார்கள். வியாதி என்று ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். வெயிலில் காயும் ஸ்டூலோடு என்ன சண்டை போடுவது?

அந்த ஊரில் அதன் பிறகு எந்தக் கடையிலும் அவளுக்கு வேலை காலியில்லை. அதனால்தான் ரயிலேறித் திண்டிவனம் வந்தாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது, தெரியாமலே இருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே வேண்டுதல். மாத்திரை வாங்கும் நாளில் முண்டியம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கிக்கொள்வாள். அங்கே சின்னம்மா ஒருத்தி படுத்த படுக்கையாகக் கிடப்பதாக அம்சவள்ளியிடம் சொல்லி வைத்திருந்தாள். அம்சவள்ளி விடுவாளா? அந்தச் சின்னம்மாவுக்கென்று முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்புவாள். இல்லாத சின்னம்மாவின் முறுக்கை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தின்னும்போது அருள்ராணிக்குத் திருடித் தின்பது மாதிரி இருக்கும். ஆனாலும் மிச்சம் வைக்கமாட்டாள், அம்சவள்ளி கை முறுக்கு அப்படி.

தையல் யூனிட்டில் ஒரு வழக்கம் உண்டு. பவர் மெஷினில் என்றைக்காவது விரலில் ஊசி ஏறும், ஏறாத டைலர் கிடையாது. ஏறினால் தானே எடுக்கக் கூடாது, பக்கத்து மெஷின்காரிதான் எடுக்க வேண்டும். அவள் வந்து மணிக்கட்டை ஆடாமல் பிடித்து, வீலைக் கையால் மெல்லத் திருப்பி, ஊசியை மேலே தூக்கி, நூலை வெட்டி விரலை விடுவிப்பாள். தானே எடுத்தால் பதற்றத்தில் ஊசி உள்ளேயே முறிந்துவிடும் என்பது காரணம். தானே எடுத்தவளுக்கு மறுபடி ஏறும் என்பது நம்பிக்கை. எடுத்தவளுக்கும் எடுக்கப்பட்டவளுக்கும் அதற்குப் பிறகு ஒரு உறவு மாதிரி. அம்சவள்ளிக்கு ஒருமுறை ஊசி ஏறியபோது அருள்ராணிதான் எடுத்தாள், அந்த விரலைக் காட்டித்தான் அம்சவள்ளி முதன்முதலாக அவளை வாடி போடி என்று கூப்பிட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் காலரைத் திருத்தி வைத்துக்கொண்டிருந்த அருள்ராணி பெடலிலிருந்து காலை எடுக்க மறந்துவிட்டாள். கரண்ட் திடீரென்று வந்ததும் மெஷின் ஓடி, இடது ஆள்காட்டி விரலில் நகத்தின் ஓரமாக ஊசி இறங்கிவிட்டது. அவள் கத்தவில்லை, மூச்சுதான் நின்றது. வெள்ளைக் காலரில் ரத்தம் பரவுவதை அம்சவள்ளி பார்த்துவிட்டாள்.

"ஐயோ ராணி! ஆடாத, ஆடாத, வந்துட்டேன்!"

அம்சவள்ளியின் கை நீண்டு வந்தது. அந்தக் கையில், காலையில் கத்தரிக்கோல் பட்டுப் பிளந்த கட்டைவிரல் அருள்ராணியின் கண்ணில் பட்டது. காய்ந்து மூடிய காயம்தான். கிருமி தென்படாத ரத்தம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது, அந்த நேரத்தில் பயம்தான் முந்திக்கொண்டது.

"தொடாத! கிட்ட வராத, என்னத் தொடாத!"

மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திவிட்டாள். கத்திக்கொண்டே வலது கையால் தானே வீலைத் திருப்பி, விரலைப் பிடுங்கிக்கொண்டு, காலர் துணியையே சுற்றிக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தபோது அம்சவள்ளியின் கை நீட்டிய இடத்திலேயே நின்றிருந்தது.

"இன்னா சொன்ன?" என்றாள் அம்சவள்ளி.

அருள்ராணி விரலில் சுற்றிய துணியை இன்னும் இறுக்கினாள்.

"தொடாதன்னா சொன்ன? எங்கூட்டுக் கேப்ப அட எறங்கிச்சி, மல்லாட்டத் தொவையல் எறங்கிச்சி. என் கை பட்டா மட்டும் ஆவாதா?"

அந்த ஒரு வார்த்தையை அம்சவள்ளியின் அம்மா கேட்டிருக்கிறாள், அம்மாவின் அம்மா கேட்டிருக்கிறாள். டீக்கடையில், குழாயடியில், கோயில் வாசலில் கேட்ட வார்த்தை. வேறு எதைச் சொல்லிக் கத்தியிருந்தாலும் அவள் மன்னித்திருப்பாள். பட்டன் ஓட்டை போடும் காஜா மெஷினில் இருந்த சின்னக்கண்ணு எழுந்து வந்தாள். அவளும் காலனிப் பக்கம்தான், யூனிட்டில் மூத்தவள், வாய் நீளம்.

"இன்னாம்மா, எந்தக் காலத்துல இருக்கற நீ? உங்க கோயில்லயே எங்க சனத்துக்குத் தனி வாசல் வெச்சவங்கதான நீங்க! அந்தப் புத்தி எங்க போவும்?"

கூடவே நாலைந்து மெஷின் நின்றது. நின்ற மெஷின்களின் சத்தம் கேட்டு கிருஷ்ணசாமி ஓடி வந்தார். சீசனில் மெஷின் நிற்பது அவருக்கு மாரடைப்பு வருவது மாதிரி. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. சாதிச் சண்டை, பி.சி.ஆர். கேஸ், போலீஸ், யூனிட்டுக்குப் பூட்டு என்று வரிசையாக அவர் கண்ணுக்கு முன்னால் ஓடியிருக்க வேண்டும்.

"ஏம்மா அப்பிடிச் சொன்ன?" என்று அருள்ராணியிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டார். "வலியில சொல்லிட்டேன்னாவது சொல்லித் தொலையேன்!"

"வலியிலதான் சார்..." என்றாள் அருள்ராணி.

"வலிச்சா அம்மான்னு கத்துவாங்க," என்றாள் அம்சவள்ளி. "தொடாதன்னு கத்தமாட்டாங்க."

அம்சவள்ளி தன் மெஷினுக்கு உறை போட்டாள். இவள் பக்கத்தில் இனி உட்காரமாட்டேன் என்றாள். அவளுக்கு ஆதரவாக மற்ற பெண்களும் நின்றார்கள், நின்றது நியாயம்தான். கிருஷ்ணசாமி தலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நடந்தார்.

"அருள்ராணி, நாளைக்கு ஒருநாள் வாம்மா. கைல இருக்கற காலர முடிச்சுக் குடுத்துட்டு நின்னுக்க. இந்தப் பேஜாரெல்லாம் எனக்குத் தாங்காது."

சரி என்று தலையாட்டினாள். ஒரு நிமிஷம் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வேலை போனது, ஆனால் விஷயம் வெளியே வரவில்லை. செங்கல்பட்டுப் பக்கம் வேறு யூனிட் பார்க்கலாம், எவனும் ஸ்டூலை வெயிலில் வைக்கமாட்டான். அப்படி நினைத்துக்கொண்டே அம்சவள்ளியைப் பார்த்தாள். அம்சவள்ளி தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மத்தியானம் நீட்டிய அதே கையை. அருள்ராணியின் ஆறுதல் அதோடு போனது.

சாயங்காலம் அம்சவள்ளி வழக்கமான பெட்டியில் ஏறவில்லை. அருள்ராணி பிளாட்பாரத்தில் ஓடிப்போய் அவள் ஏறிய பெட்டியிலேயே ஏறி எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க இன்னாத்துக்கு இங்க வர்றீங்க?" என்றாள் அம்சவள்ளி.

வாடி போடி என்று பேசிய வாயிலிருந்து வந்த அந்த மரியாதை, ஊசியைவிட ஆழமாக இறங்கியது. மயிலம் போனது, பேரணி போனது. விக்கிரவாண்டியில் கூட்டம் இறங்கிப் பெட்டி காலியானது. முண்டியம்பாக்கத்தில் ரயில் நின்றபோது அருள்ராணி ஜன்னல் வழியாக ஸ்டேஷன் போர்டைக் காட்டினாள்.

"அம்சா, எனக்குச் சின்னம்மாவே கெடையாது."

அம்சவள்ளி திரும்பிப் பார்த்தாள்.

"இங்க ஆஸ்பத்திரிக்குத்தான் எறங்குவேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்குது. ரொம்ப வருஷமா மாத்திர சாப்ட்டுக்கினு இருக்கறேன். உன் கட்டவெரல்ல காயம் இருந்துச்சி. என் ரத்தம் அதுல பட்டுடுமோன்னுதான் கத்திட்டேன். சத்தியமா அந்நேரத்துக்கு உன் சாதியும் ஞாவகத்துல இல்ல, என் சாதியும் ஞாவகத்துல இல்ல. ரத்தந்தான் ஞாவகத்துல இருந்துச்சி."

ரயில் கிளம்பியது. பின்னால் போகும் ஸ்டேஷன் போர்டு மறையும்வரை அம்சவள்ளி அதையே பார்த்தாள். பிறகு, "அப்ப அந்த முறுக்கெல்லாம்?" என்றாள்.

"நாந்தான் தின்னேன்."

அம்சவள்ளி சிரிக்கவில்லை. தன்னையறியாமல் உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள், துடைத்ததை அருள்ராணி பார்த்துவிட்டாள் என்பதையும் கவனித்தாள். விழுப்புரம் வந்ததும் திரும்பிப் பார்க்காமல் இறங்கிக் கூட்டத்தில் போய்விட்டாள்.

மறுநாள் காலை ரயிலில் அம்சவள்ளி இல்லை. பழக்க தோஷத்தில் அவளுக்குப் பிடிக்குமே என்று கருவாட்டைக் கூடுதலாக வறுத்து எடுத்து வந்திருந்தாள் அருள்ராணி. பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, இந்நேரம் யார் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டபடியே திண்டிவனம் போய்ச் சேர்ந்தாள். யூனிட்டில் யாரும் அவளிடம் பேசவில்லை, அது நேற்றைய கோபம்தான், புதிதாக ஒன்றுமில்லை. அம்சவள்ளி வாயைத் திறக்கவில்லை என்று தெரிந்தது. பக்கத்து மெஷினில் போட்ட உறை போட்டபடியே இருந்தது. அருள்ராணி கடைசிக் காலர்களை எடுத்து வைத்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள். நிற்கச் சொன்ன வேலைதானே என்று ஏனோதானோவென்று தைக்க அவளுக்கு வரவில்லை.

உச்சி வெயிலில் அம்சவள்ளி வந்தாள். வியர்வை வழிந்துகொண்டிருந்தது. கக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி. கிருஷ்ணசாமி கத்த வாயெடுப்பதற்குள் அவளே பேசினாள்.

"சார், நேத்து நடந்தது எங்களுக்குள்ள பேசித் தீந்துபோச்சி. ராணி இங்கயே வேல செய்யட்டும்."

"தீந்துபோச்சா?" சின்னக்கண்ணு எழுந்துவிட்டாள். "இன்னாடி தீந்துச்சி? உனக்காகத்தான நாங்க இத்தினி பேரு எழுந்து நின்னோம்? ராத்திரில இன்னா நடந்துச்சி, ஊர்த்தெருக்காரி கால்ல உயுந்துட்டியா? இல்ல ஏதாச்சும் கைல குடுத்தாளா?"

"கேக்காதக்கா."

"கேப்பேன்டி! தன்மானம் இல்ல உனக்கு?"

அம்சவள்ளி தலையைக் குனிந்துகொண்டாள். நேற்று அத்தனை பேருக்கு நடுவில் நிமிர்ந்து நின்றவள் அவள். தன் ரகசியத்தைக் காப்பாற்றுவதற்காக அவள் குனிந்து நிற்பதை அருள்ராணியால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. வேலையாவது, ரகசியமாவது. மோட்டாரை ஆஃப் பண்ணிவிட்டு எழுந்தாள்.

"சின்னக்கண்ணு அக்கா, அவளத் திட்டாதீங்க. எனக்கு எச்.ஐ.வி. இருக்குது. என் ரத்தம் அவ மேல படக்கூடாதுன்னுதான் தொடாதன்னேன். நேத்து ரயில்ல அவகிட்ட சொன்னேன். என்னக் காட்டிக் குடுக்காம இருக்கறதுக்குத்தான் உங்ககிட்ட ஏச்சு வாங்கிக்கினு நிக்கறா."

ஒவ்வொரு மெஷினாக நின்று, கடைசியில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அயர்ன் போடும் லட்சுமியம்மாள் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் புடவைக்குள் வைத்துக்கொண்டாள். பின்வரிசையில் யாரோ ஸ்டூலைத் தரதரவென்று பின்னுக்கு இழுத்தார்கள். அந்தச் சத்தம் அருள்ராணிக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். கிருஷ்ணசாமி மணமேடை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அம்சவள்ளி அட்டைப்பெட்டியை அருள்ராணியின் மெஷின் மேல் வைத்துப் பிரித்தாள். உள்ளே ரப்பர் கையுறைகள்.

"நா காலைல முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டுத்தான் வர்றேன்," என்றாள். "பொய் சொல்லல, பயந்துக்கினுதான் போனேன். ராத்திரி பூரா தூக்கமில்ல. ராணி பேர சொல்லல, எனக்குத் தெரிஞ்சவங்கன்னு சொன்னேன். ஒண்ணா சாப்ட்டா வருமா, ஒரே பாத்ரூம் போனா வருமா, பக்கத்துல உக்காந்தா வருமான்னு ஒண்ணு விடாம கேட்டேன். அங்க ஆலோசன சொல்ற மேடம் சிரிக்கல, எல்லாத்துக்கும் வராதுன்னு பொறுமையா சொன்னாங்க. பயமா இருந்தா டெஸ்ட் எடுத்துக்கோன்னாங்க, எடுத்துக்கினேன். எனக்கு ஒண்ணுமில்ல. வேற ஒண்ணும் சொன்னாங்க. யாரு ரத்தமா இருந்தாலும் வெறுங்கையில தொடக்கூடாதாம். ராணி ரத்தம்னு இல்ல, உன் ரத்தம், என் ரத்தம், சார் ரத்தம் எல்லாந்தான். நம்ப இத்தினி நாளா ஒருத்திக்கு ஒருத்தி வெறுங்கையில ஊசி எடுத்துக்கினு இருந்தது அவங்களுக்குக் கேக்கவே ஆவல."

பெட்டியைத் தட்டிவிட்டு கிருஷ்ணசாமி பக்கம் திரும்பினாள். "இதுக்காவ வேலய விட்டு நிறுத்தக்கூடாதுன்னு சட்டம் இருக்குதாம் சார்."

"சட்டத்த எங்கிட்டப் பேசாத!" என்று எழுந்தார் கிருஷ்ணசாமி. பயத்தை மறைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி கத்துவதுதான். "நேத்து ஒரு சட்டம், இன்னிக்கி ஒரு சட்டமா? நானு யூனிஃபார்ம் தைக்கறனா, கோர்ட்டு நடத்தறனா?"

கத்திக்கொண்டே வந்தவர் அருள்ராணியின் மேஜையில் கிடந்த காலர் ஒன்றை எடுத்தார். நிற்கச் சொன்ன பிறகும் தைத்த காலர். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். குரல் தானாக இறங்கியது.

"எனக்கு வியாதியப் பத்தித் தெரியாது. காலரப் பத்தித் தெரியும். பயப்படறவங்க மெஷினத் தள்ளிப் போட்டுக்குங்க. இவ மெஷின் இங்கதான் இருக்கும். ஸ்கூல் தொறக்கப்போவுது, ஜல்தியா வேலயப் பாருங்க."

சொல்லிவிட்டு ஆபீஸ் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேசும் அவர் குரல் கேட்டது. ரகசியமாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு. "அது சரிங்க மேடம், ஒத்துக்கறேன். அந்த பாத்ரூம் விஷயம் மட்டும் இன்னொரு தபா சொல்லுங்க..." யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அதற்குப் பிறகு மெஷின் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தது.

அப்புறம் எல்லோரும் அருள்ராணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று எழுத ஆசைதான். அப்படியெல்லாம் நடக்கவில்லை. லட்சுமியம்மாள் மறுநாளிலிருந்து வரவில்லை. இரண்டு பேர் மெஷினைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள், அதில் ஒருத்தி வெளிச்சம் சரியில்லை என்று சொல்லிப் பத்து நாளில் பழைய இடத்துக்கே வந்துவிட்டாள். சின்னக்கண்ணு அன்றைக்குச் சாயங்காலமே கிட்டே வந்து, "ஏம்மா, இத மொதல்லயே சொல்றதுக்கின்னா?" என்று கேட்டாள். அருள்ராணி பதில் சொல்வதற்குள் அவளே, "சொல்லியிருந்தா நானே மொதல்ல ஓடியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். யோக்கியமான பேச்சு.

அம்சவள்ளியும் ஒன்றும் தெய்வப்பிறவி இல்லை. மறுநாள் ரயிலில் எதிரே வந்து உட்கார்ந்தாள், ஆனால் பாக்ஸை மாற்றவில்லை. "மேடம் சொன்னது மண்டைக்கி ஏறிடுச்சி, வயித்துக்குத்தான் இன்னும் எறங்கல. கொஞ்ச நாள் குடு ராணி" என்றாள். அருள்ராணிக்கு வலித்தது. ஆனால் பொய்யாகச் சிரித்துக்கொண்டு வாங்கி யாருக்கும் தெரியாமல் கொட்டிவிடுகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள், அதற்கு இது எவ்வளவோ மேல். நாள் கொடுத்தாள். ஒருநாள் காலையில் விக்கிரவாண்டி தாண்டும்போது அம்சவள்ளி வெடுக்கென்று அவள் பாக்ஸைப் பிடுங்கித் திறந்து, ஒரு பிடி புளிச்சோற்றை வாயில் போட்டு மென்று முழுங்கினாள்.

"உப்பே இல்ல," என்றாள்.

அருள்ராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், அதை மறைக்கவும் தோன்றவில்லை.

பள்ளிக்கூடம் திறக்க நாள் நெருங்கியது. கையுறைப் பெட்டி சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தது. யாருக்கு ஊசி ஏறினாலும், எடுப்பவள் கையுறை போடாமல் தொட்டால் சீசன் முடிந்த பிறகும் அவளுக்கு டீ கிடையாது என்பது கிருஷ்ணசாமியின் புதுச் சட்டம். ஒருநாள் மத்தியானம் பக்கத்து மெஷினிலிருந்து "அம்மா!" என்று சத்தம் வந்தது. அம்சவள்ளியின் விரலில் ஊசி ஏறிவிட்டது.

அருள்ராணி எழுந்தாள். கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. சின்னக்கண்ணு பக்கத்தில்தான் இருந்தாள், அவள் எடுக்கட்டும் என்று அருள்ராணி அவள் முகத்தைப் பார்த்தாள். சின்னக்கண்ணு அசையவில்லை.

"நா பக்கத்து மெஷினா?" என்றாள்.

"கிளவுஸு! கிளவுஸு போடும்மா!" என்று கட்டிங் டேபிளிலிருந்து கிருஷ்ணசாமி கத்தினார். அருள்ராணி ஓடிப்போய் எடுத்து மாட்டினாள். அவசரத்தில் இரண்டு விரல் ஒரே ஓட்டைக்குள் போனது. இது அம்சவள்ளியின் ரத்தம், கையுறை தன்னைக் காப்பாற்றுவதற்குத்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில், யாருடைய ரத்தத்துக்காவது அவள் பயப்பட வேண்டும் என்று ஒருவரும் சொன்னதில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அம்சவள்ளியின் கைக்கு மேல் அவள் கை அந்தரத்திலேயே நின்றது.

அம்சவள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர், முகம் முழுக்கக் கோபம்.

"இன்னும் இன்னாத்துக்குடி யோசிக்கற? வலி உயிரு போவுது. தொட்டுத் தொலைடி!"

அருள்ராணி அவள் மணிக்கட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டு வீலைத் திருப்பினாள்.